அடிவயிற்றைக் காட்டச் சொல்லுங்கள்

பழைய மாதிரி ரயில்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பெரம்பூர் ரயில்வே பணிமனையில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இணையத்தில் விற்கும் பழைய பொம்மை ரயில்களின் விலை பற்றியவை. வழக்கம்போல யார் பெயரையும் போடவில்லை. ஏமாந்ததை எழுதி அனுப்பவே தைரியம் வேண்டும். அதைச் சம்பந்தி வீட்டாரும் படித்துச் சிரிக்க வேண்டுமா? ஊர்ப் பெயர் போதும்.

கேள்வி: இணையத்தில் ஹார்ன்பி டப்ளோ என்ற இங்கிலாந்து பொம்மை ரயில் வரிசையின் இன்ஜின் ஒன்று பார்த்தேன். 'டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ்', மூன்று தண்டவாள வகை. 'மிக அரிய பொருள், புத்தம் புதிது போன்ற நிலை' என்று போட்டு 640 பவுண்டு கேட்கிறார்கள். ஐந்து படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எல்லாமே பளபளவென்று இருக்கின்றன. வாங்கலாமா ஐயா? (கோயம்புத்தூர்)

பதில்: ஐந்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்துமே இன்ஜினின் இடப்பக்கம். ஒன்று கொஞ்சம் மேலிருந்து, ஒன்று கொஞ்சம் கிட்டத்தில், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இன்ஜினுக்கு வலப்பக்கம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே தெரியவில்லை. பின்னால் விரித்திருக்கும் சிவப்பு வெல்வெட் துணி மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது.

பணிமனையில் ஒரு பெட்டி வந்து நின்றால் எங்கள் மேஸ்திரி அதன் பெயின்ட்டை ஏறிட்டும் பார்க்க மாட்டார். நேராகக் குழிக்குள் இறங்கிவிடுவார். தலைக்கு மேலே சக்கரம், அச்சு, பிரேக் கம்பி எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மேலே வந்து ஒரே வார்த்தை சொல்வார். பெட்டி எத்தனை வருடம் எப்படி உழைத்தது என்று அதன் அடிவயிற்றில் எழுதியிருக்கும். பொம்மை ரயிலுக்கும் அதே சட்டம்தான். குழிக்குள் இறங்குவதற்குப் பதில் கவிழ்த்துப் போட்டால் போதும்.

விற்பவருக்கு இன்றே எழுதுங்கள்: இன்ஜினைக் கவிழ்த்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம். அதில் முதலில் சக்கரத்தைப் பாருங்கள். தண்டவாளத்தில் உருளும் பட்டையில் பூச்சு தேய்ந்து உள்ளே வேறு நிறம் தெரிந்தால், நிறைய ஓடிய இன்ஜின். ஓடியது குற்றமில்லை, ஓடியதைப் புத்தம் புதிது என்பதுதான் குற்றம். அடுத்தது, நடுத்தண்டவாளத்தைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் சின்னத் தகடு. உரசி உரசி அது ஓரிடத்தில் தட்டையாகி, பழைய செருப்பின் குதிகால்போல் தேய்ந்திருக்கும். மூன்றாவது, திருகாணித் தலைகள். தலையில் உள்ள பள்ளம் கூர்மையாக இருந்தால் யாரும் உள்ளே போகவில்லை. விளிம்பு பிதுங்கி, உதடு கிழிந்ததுபோல் இருந்தால், அளவு பொருந்தாத ஸ்க்ரூடிரைவரோடு யாரோ உள்ளே போய் வந்திருக்கிறார்கள். என்ன செய்துவிட்டு வந்தார்கள் என்று கேளுங்கள்.

பளபளப்பைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் கிடையாது. மறுபெயின்ட் அடிப்பவர்கள் கோட்டைவிடும் இடம் ரிவெட் தலைகள். பழைய பூச்சின் மேல் இன்னொரு கோட் ஏற்றினால் அந்தக் கடுகளவு புடைப்புகள் மழுங்கிப்போகும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி ஒரு படம் எடுத்தால் தெரிந்துவிடும். எழுபது வருடப் பொருளில் கூரை விளிம்பிலும் முன்புற பஃபரிலும் ஒரு சின்ன உரசல்கூட இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது.

ஓடும் வீடியோவும் கேளுங்கள். இன்ஜினைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரம் சுழல்வதைக் காட்டுவார்கள். அது செல்லாது. காந்தம் பலமிழந்த மோட்டாரும் அந்தரத்தில் ஜோராகச் சுற்றும். மூன்று நான்கு பெட்டிகளை மாட்டி, நின்ற இடத்திலிருந்து கிளப்பச் சொன்னால்தான் சாயம் வெளுக்கும்: கரண்டை நிறையக் குடிக்கும், சூடேறும், இழுக்காது. காந்தத்துக்கு மறுபடி பலமேற்ற முடியும். ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இனி 'மிக அரிய பொருள்'. லிவர்பூலின் பின்ஸ் ரோடு ஆலையில் மெக்கானோ நிறுவனம் டப்ளோ ரயில்களைத் தொடங்கியது 1938-இல். மான்ட்ரோஸ் வந்தது 1953-இல். இங்கிலாந்தில் ஒரு தலைமுறைப் பையன்கள் கிறிஸ்துமஸ் காலையில் பிரித்துப் பார்த்த இன்ஜின் அது. பரண்களில் இன்றும் தூங்கிக்கொண்டிருக்கிறது. அரிய பொருள் என்றால் அந்த ஊர்க்காரர்களே சிரிப்பார்கள்.

கேட்கும் விலையை வைத்து மதிப்பைக் கணக்குப் போடாதீர்கள். ஈபே தளத்தில் விற்றுப்போனவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்க வழி இருக்கிறது. கடந்த மூன்று மாதத்தில் எது என்ன விலைக்குக் கைமாறியது என்று காட்டும். நியாயமான விலைக்குப் போட்டவை மறுநாளே போய்விடுகின்றன. அநியாய விலைக்காரர்களின் சரக்குதான் மாதக்கணக்கில் அங்கேயே தொங்கிக்கொண்டு, திறந்ததும் உங்கள் கண்ணில் படுகிறது. பத்துப் பேர் 600 கேட்கிறார்கள் என்றால் அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். உங்கள் மான்ட்ரோஸைப் போன்ற ஒன்று, பெட்டியோடு, அந்த விலையில் கால் பங்குக்கும் கீழே போயிருப்பதை இன்று காலைதான் பார்த்தேன்.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டீர்கள். வீட்டில் என்ன தண்டவாளம் வைத்திருக்கிறீர்கள்? டப்ளோ இரண்டு தண்டவாள முறைக்கு மாறியது 1959-இல். அதற்கு முந்தைய இன்ஜின்களில் இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் நடுவில் மின்காப்பு கிடையாது. இன்றைய தண்டவாளத்தில் வைத்தீர்கள் என்றால் நேராக ஷார்ட்தான்.

கேள்வி: 'சோதித்துப் பார்க்கவில்லை' என்று போட்டிருந்தால் அதற்கு என்ன பொருள்? (திருநெல்வேலி)

பதில்: சோதித்துப் பார்த்தார்கள், ஓடவில்லை.

12 வோல்ட் மோட்டார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் ஒயர் துண்டு இரண்டும் போதும். பழைய ரயில் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் அது இல்லையாம்! இறந்துபோன தாத்தாவின் வீட்டைக் காலி செய்யும் பேரன் அப்படிச் சொன்னால் நம்பலாம். அவர் கேட்கும் விலையிலேயே அந்த அப்பாவித்தனம் தெரியும்.

கேள்வி: 1930-களின் ஹார்ன்பி ஓ கேஜ் (டப்ளோவைவிடப் பெரிய அளவு) சாவி ரயில் ஒன்றுக்கு முன்பணம் அனுப்பிவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், சக்கரங்களில் மயிரிழைபோலக் கோடுகள். 'வயதுக்கேற்ற பெயின்ட் வெடிப்பு' என்கிறார் விற்பவர். நான் பள்ளி ஆசிரியர், இது எனக்குப் பெரிய தொகை. (மதுரை)

பதில்: பெயின்ட் வெடிப்பு அல்ல ஐயா. மிச்சப் பணத்தை அனுப்பாதீர்கள்.

இதில் எனக்கு அனுபவம் உண்டு. ஓய்வுபெற்ற மறுவருடம், பணிக்கொடைப் பணம் வங்கியில் சும்மா கிடந்த நேரத்தில், இதே ஓ கேஜில் ஒரு இன்ஜினும் இரண்டு சரக்குப் பெட்டிகளும் கடல் கடந்து வரவழைத்தேன். படத்தில் சக்கரங்கள் சிவப்பாக, முழுதாக இருந்தன. பார்சல் வந்தது. திண்ணையில் உட்கார்ந்து பிரித்தேன். மேல் காகிதத்தை எடுத்ததுமே உள்ளே மணல் சரிவதுபோல் ஒரு சத்தம். இன்ஜினைத் தூக்கினேன். முன் சக்கரம் ஒன்று அச்சிலேயே நின்றுவிட்டது, அதாவது அதில் பாதி. மீதிப் பாதி பெட்டியின் அடியில், காப்பியில் ஊறிய ரஸ்க்போல, சாம்பல் நிறத் துண்டுகளாகவும் தூளாகவும் கிடந்தது. ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினேன். உடைந்தது. உலோகம், விரலால் உடைந்தது. 31 வருடம் இரும்போடு மல்லுக்கட்டியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விற்பவருக்கு எழுதினேன். 'அனுப்பும்போது முழுதாக இருந்தது' என்று பதில் வந்தது. அது பொய்யாகக்கூட இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் வேடிக்கை.

விஷயம் இதுதான். அந்தச் சக்கரங்கள் இரும்பல்ல. துத்தநாகத்தோடு கொஞ்சம் அலுமினியம் சேர்த்து அச்சில் வார்த்த கலவை. இங்கிலாந்தில் மசாக் என்பார்கள். துத்தநாகம் மிக மிகச் சுத்தமாக இருக்க வேண்டும், நூற்றுக்கு 99.99 என்ற அளவில். அதில் துளி ஈயம் கலந்துவிட்டால் போதும். உலோகத்துக்குள் இருக்கும் படிகத் துகள்களின் இடுக்குகளில் அரிப்பு தொடங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளுக்குள் உப்பும், விரியும், விரிசல் விடும், ஒருநாள் பொலபொலவென்று உதிரும். ஈரக்காற்றும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். நம் ஊர் ஆடி, ஐப்பசிக்கு இதைவிடப் பிடித்த தீனி வேறு கிடையாது. 1930-களில் வார்ப்புச் சாலைகளில் ஈயத் துணுக்குகளும் துத்தநாகமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எந்தக் கொப்பரையில் எது விழுந்தது என்று யார் பார்த்தது? அதனால்தான் ஒரே வருடம், ஒரே ஆலை, ஒரு சக்கரம் மணிபோல் இருக்கும், பக்கத்துச் சக்கரம் மண்ணாகிவிடும்.

இது தொற்றுநோய் அல்ல. அலமாரியில் பக்கத்தில் வைத்தால் மற்றதுக்கும் பரவும் என்று பயமுறுத்துவார்கள், பரவாது. ஆனால் மருந்தும் கிடையாது. பசை ஊற்றினாலும் பெயின்ட் அடித்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? பெயின்ட் வெடிப்பு என்றால் தோல் உரிவதுபோல் மேலாக, செதில் செதிலாக இருக்கும். ஒரு செதில் போன இடத்தில் அடியில் நல்ல உலோகம் பளிச்சென்று தெரியும். இந்த நோயில் கோடு உலோகத்துக்குள்ளேயே இறங்கும், வறண்ட கண்மாய்த் தரைபோல். சக்கரத்தின் வட்டம் கோணலாகிவிடும். வார்ப்பு உடல் கொண்ட இன்ஜினாக இருந்தால் பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்கேலை ஒட்டி வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். உடல் வாழைப்பூபோல் புடைத்திருந்தால் ஸ்கேலுக்கும் அதற்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். மேலுடலை அடிச்சட்டத்திலிருந்து கழற்ற முடிகிறதா என்றும் கேளுங்கள். வீங்கிய வார்ப்பு சட்டத்தைக் கவ்விக்கொள்ளும், கழற்ற வராது.

முன்பெல்லாம் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் நீளக் காம்புச் சுத்தியலோடு ஒருவர் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவார், பார்த்திருப்பீர்கள். நல்ல சக்கரம் மணியடிக்கும். விரிசல் விட்டது 'டொக்' என்னும். இணையத்தில் அந்தச் சுத்தியலை நீட்ட முடியாது என்பதுதான் நம் கஷ்டம்.

உங்களுக்கு ஒரே ஆறுதல், ஓ கேஜ் ஹார்ன்பிக்கு உடல் தகரம். நோய் சக்கரத்தோடு நிற்கும். மாற்றுச் சக்கரங்களை இன்றும் புதிதாக வார்த்து விற்கிறார்கள், நல்ல கலவையில். ஆகவே விற்பவரிடம் சொல்லுங்கள்: 'சக்கரங்கள் போனவை என்று எனக்குத் தெரியும், அதற்கேற்ற விலை சொல்லுங்கள்.' இறங்கி வந்தால் வாங்குங்கள். இதுவே போருக்கு முந்தைய டப்ளோவாக இருந்து, வார்ப்பு உடலிலேயே விரிசல் என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் தபால் செலவு தண்டம்.

கேள்வி: என் கணவரின் அறுபதாம் பிறந்தநாளுக்குப் பழைய லயனல் (அமெரிக்க பொம்மை ரயில்) இன்ஜின் ஒன்று வாங்க நினைக்கிறேன். சிறுவயதில் பக்கத்து வீட்டுப் பையனிடம் பார்த்து ஏங்கியதாக அடிக்கடி சொல்வார். விளம்பரத்தில் 'நிலை: சி-8, சில இடங்களில் லேசான துரு' என்று இருக்கிறது. 900 டாலர். சி-8 என்றால் என்ன? (டொரொன்டோ)

பதில்: அமெரிக்காவில் 1954-இல் தொடங்கிய ரயில் சேகரிப்போர் சங்கம் வகுத்த அளவுகோல் அது, சகோதரி. சி-1 என்றால் உதிரிக்கு மட்டுமே ஆகும் குப்பை. சி-10 என்றால் கை படாத புதுசு. நடுவில் உள்ளவற்றில்தான் சண்டை. சி-8 என்றால் முழுமையானது, எல்லா உறுப்புகளும் அசல், துரு கிடையாது, ஓடியிருக்கலாம். சி-10-இலிருந்து கீழே சி-7 வரை துருவுக்கு இடமே இல்லை. சி-6-இல்தான் முதன்முதலாக மேலோட்டமான துருப்புள்ளி அனுமதிக்கப்படுகிறது. ஆகவே அந்த விளம்பரத்தின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. அவர் எழுதியதை வைத்தே அது சி-6. இன்னும் கீழேயும் இருக்கலாம். இந்த ஒரு வரியை அவருக்கு எழுதிவிட்டு விலையைக் கேளுங்கள்.

லயனலில் அடிவயிற்றில் பார்க்க வேண்டியது நடுவில் உள்ள உருளைகள். நடுத்தண்டவாளத்தில் உருண்டு மின்சாரம் எடுப்பவை. நிறைய ஓடியிருந்தால் கிணற்று ராட்டினத்தில் கயிறு அறுத்த பள்ளம்போல் உருளையின் நடுவில் ஒரு வளையம் விழுந்திருக்கும். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அந்தப் பள்ளத்தை மூட முடியாது.

இளஞ்சிவப்பு நிறத்தில் ஏதாவது காட்டினால் மட்டும் இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். 1957-இல் பெண் குழந்தைகளுக்கென்று லயனல் இளஞ்சிவப்பு இன்ஜினோடு ஒரு செட் விட்டது. பெண்கள் வாங்கவில்லை, அவர்கள் கேட்டது நிஜ ரயில்போல் கறுப்பாக இருக்கும் ரயில். விற்காமல் போனதாலேயே இன்று அதற்கு வெறிபிடித்த விலை. அதனால் சாதாரண இன்ஜினுக்கு இளஞ்சிவப்பு அடித்து விற்பவர்களும் உண்டு.

கேள்வி: காலி அட்டைப் பெட்டிக்குத் தனியாக விலை கேட்கிறார்கள், அதுவும் இன்ஜின் விலையில் பாதி! இது நியாயமா? (சிங்கப்பூர்)

பதில்: நியாயமில்லை, ஆனால் நடப்பு. குழந்தைகள் இன்ஜினை வைத்துக்கொண்டு அட்டையைத் தூக்கிப் போட்டார்கள். அதனால் அட்டை குறைவு. மேலே சொன்ன சங்கம் பெட்டிக்கென்றே பி-1 முதல் பி-10 வரை தனி அளவுகோல் வைத்திருக்கிறது. பிறகு கேட்க வேண்டுமா? போலி அட்டைகள் அச்சாகி வருகின்றன.

கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு தெரியும் அல்லவா? அதை இருட்டில் பெட்டியின் மேல் அடித்துப் பாருங்கள். காகிதத்தை வெள்ளையாகக் காட்டும் ஒளிரும் ரசாயனம் ஆலைகளில் புழக்கத்துக்கு வந்தது 1950 வாக்கில்தான். 1938-ஆம் வருடப் பெட்டி என்று சொல்லி விற்றது நீலமாகப் பளிச்சென்று மின்னினால் அது நேற்று அச்சடித்தது. மின்னாவிட்டால் உடனே அசல் என்று குதிக்க வேண்டாம். ரசாயனம் சேர்க்காத பழுப்பு அட்டை இன்றும் கிடைக்கிறது. 1950-களுக்குப் பிந்தைய பெட்டிகளுக்கு இந்தச் சோதனை அவ்வளவு உதவாது. அங்கே மடிப்பைப் பாருங்கள். ஐம்பது முறை திறந்து மூடிய மடிப்பில் அட்டை நார்நாராகி, வேட்டிக் கரைபோல் நைந்திருக்கும். கறையைத் தேநீர் ஊற்றி வரவழைக்கலாம். மடிப்பில் அந்த நைவை வரவழைக்கப் பொறுமை வேண்டும், போலி செய்பவர்களுக்கு அது கிடையாது.

எனக்குப் பெட்டிப் பைத்தியம் இல்லை. என் ரயில்கள் பிஸ்கட் டின்களில் இருக்கின்றன.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், சுவிஸில் வசிக்கிறேன். இங்கு பழைய சாமான் சந்தையில் மேர்க்லின் 'முதலை' புகையிரத இயந்திரம் ஒன்று கண்டேன். இணையத்தில் அதே சாமானுக்கு மூன்று மடங்கு விலை, '1947ஆம் ஆண்டு அசல்' என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் எண் தெரியும் படம் ஒன்றும் இல்லை. எதை வாங்குவது? (பேர்ன்)

பதில்: 'புகையிரதம்' என்ற சொல்லைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. எங்கள் பக்கம் அதைக் கைவிட்டு நாளாகிறது.

சந்தையில் இருப்பதை வாங்குங்கள், அதாவது கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்த பிறகு. கவிழ்த்துப் பார்க்க முடிவதே பெரிய பாக்கியம். இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்குக் கிடைக்காதது.

சுவிஸின் கோத்தார்டு மலைப்பாதைக்காக 1919 முதல் செய்யப்பட்ட நிஜ முதலையைப் பார்த்து, ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரில் மேர்க்லின் செய்த மாதிரி அது. சிசிஎஸ் 800 என்ற எண்ணில் 1947-இல் வந்தது. பிறகு நிறுவனம் நான்கு இலக்க எண்களுக்கு மாறியபோது 3015 ஆனது. அதற்குப் பின்னும் இந்த முதலையைப் பல தடவை புது எண்களில் வெளியிட்டிருக்கிறார்கள். விலை வித்தியாசம் முழுக்க அந்த எண்ணில்தான் இருக்கிறது. இணையத்துக்காரர் எண் தெரியும்படி ஒரு படம்கூடப் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே பதில்.

முதலையின் இரண்டு மூக்கு நுனிகளையும் பாருங்கள். வளைவில் மேசையிலிருந்து விழுந்தால் முதலில் அடிபடுவது மூக்கு. ஒரு மூக்கின் பச்சைக்கும் இன்னொன்றின் பச்சைக்கும் துளி வித்தியாசம் இருந்தால், ஒன்று பிறகு பூசியது. அடியில் மின்சாரம் எடுக்கும் நீள வழுக்குத் தகடு தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். அதை மாற்றலாம், பெரிய செலவில்லை. டப்ளோவுக்குச் சொன்ன காந்தக் கவலை இதற்குக் கிடையாது, இதில் நிலைக்காந்தமே இல்லை. காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள். இன்ஜினோடு பழைய தகர உடல் டிரான்ஸ்பார்மரையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ரப்பர் ஒயர் இற்றுப்போயிருக்கும். அலமாரியில் அழகுக்கு வையுங்கள், பிளக்கில் செருகாதீர்கள்.

நிஜ முதலையைக் கட்டிய அதே விண்டர்தூர் ஆலையில்தான் எங்கள் ஊட்டி மலை ரயிலின் பழைய நீராவி இன்ஜின்களும் பிறந்தன. மும்பை–புணே மலைப்பாதையில் ஓடிய, வடக்கே 'கேக்டா', அதாவது நண்டு, என்று அழைத்த மின்சார இன்ஜின்களில் முதலில் வந்தவையும் அங்கிருந்துதான். பேர்னிலிருந்து விண்டர்தூர் பக்கம்தானே, ஒருமுறை போனால் எனக்காகவும் அந்த மண்ணை மிதித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: 1950 வாக்கில் வந்த ரோவெக்ஸ் (இங்கிலாந்து நிறுவனம்) பிளாஸ்டிக் இன்ஜின், உடல் கொஞ்சம் வளைந்திருக்கிறது. வெந்நீரில் போட்டால் நிமிர்ந்துவிடும் என்கிறார் விற்பவர். (திருச்சி, பொன்மலை)

பதில்: அப்படியானால் அவரே வெந்நீரில் போட்டு, நிமிர்த்தி, அதிக விலைக்கு விற்கலாமே. அந்தக் காலத்து செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக் வருடங்கள் போகப் போகச் சுருங்கி வாழைப்பழம்போல் வளையும். அது அதன் பிறவிக்குணம். பொன்மலைக்காரருக்கு வளைந்த சட்டத்தைப் பற்றி நான் பாடம் எடுக்கக் கூடாது.

கேள்வி: மாதாமாதம் பயமுறுத்துகிறீர்கள். நீங்கள் எப்போதாவது அதிக விலை கொடுத்து, தெரிந்தே, ஒன்றை வாங்கியதுண்டா? (சென்னை, வில்லிவாக்கம்)

பதில்: உண்டு. டப்ளோவின் சின்ன டேங்க் இன்ஜின், ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு சின்னச் சக்கரம், கறுப்பு நிறம், எண் 69567. இதுவும் அரிதல்ல, கேட்டால் கிடைக்கும். விற்றவர் இங்கிலாந்தில் ஒரு முதியவர். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே பதினோரு படங்கள் அனுப்பிவிட்டார். அதில் மூன்று அடிவயிறு. முன்கொக்கி உடைந்த இடத்தைக் கிட்டத்தில் எடுத்து, சிவப்பு மையால் அம்புக்குறி வேறு போட்டிருந்தார். தேய்ந்த தகடு, துருப்பிடித்த ஒரு திருகாணி, எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. அடித்தகட்டின் மேல் ஆணியால் கீறிய ஒரு ஆங்கில எழுத்தும் 1956 என்ற வருடமும் இருந்தன. அதற்கும் அம்புக்குறி போட்டு, 'என் தம்பி, எட்டு வயதில்' என்று எழுதியிருந்தார்.

சங்கத்தின் அளவுகோலில் அந்தக் கீறல் ஒரு குறை. விற்றுப்போனவற்றின் பட்டியலைப் பார்த்தேன். அவர் கேட்டது ஏறத்தாழ இரண்டு மடங்கு. பேரம் பேசவில்லை. தபால், சுங்க வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆனது என்று என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. அவள் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சாப்பாட்டு மேசையில் எட்டு வளைவுத் துண்டுகளைக் கோத்து வட்டமாக்கி, ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஓட்டுகிறேன். முன்கொக்கி இல்லாததால் பின்பக்கமாகப் போகும்போது எதையும் இழுக்க முடியாது. முன்பக்கமாக மூன்று பெட்டிகள் இழுக்கிறது.